கான்வென்ட்டும் ஆர்.சி. பள்ளிக்கூடமும்

காலை ஆறரை மணிக்கு பெஹாலா சௌராஸ்தாவில் நின்றால் கொல்கத்தாவின் முக்கால்வாசி மிஷன் பள்ளிகளின் யூனிஃபார்மைப் பார்த்துவிடலாம். 'பூல் கார்' என்று இங்கே சொல்வார்கள். நம்ம ஊர் ஸ்கூல் வேன் மாதிரிதான், ஆனால் பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பழைய ஆம்னி வண்டி ஒன்றை பாடாவிலேயே (பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒருத்தர் ஓட்டுவார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பாதி தூக்கம், பாதி பிஸ்கட். டயமண்ட் ஹார்பர் ரோடு வழியாக தாராதலா, மாஜேர்ஹாட் தாண்டி, கிதர்பூருக்கு ஒன்று, பார்க் ஸ்ட்ரீட்டுக்கு ஒன்று, சியால்தாவுக்கு ஒன்று என்று பிரிந்து போகும். எங்க பேட்டை மகாராஜா சௌரவ் கங்குலிகூட இந்த பெஹாலா வீட்டிலிருந்துதான் பார்க் ஸ்ட்ரீட் செயின்ட் சேவியர்ஸுக்குப் படிக்கப் போனார்.

2019-ல் மாற்றலாகி இங்கே வந்தபோது மாஜேர்ஹாட் பாலம் கிடையாது. முந்தைய வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி இடிந்து விழுந்திருந்தது. புதுப் பாலம் 2020 டிசம்பரில்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் ஊரைச் சுற்றித்தான் போகவேண்டும். அந்த நிலைமையிலும் ஆபீஸில் சேர்ந்த முதல் நாள் எல்லாரும் என்னிடம் கேட்டது வீட்டு வாடகையைப் பற்றி இல்லை. "பெண்ணை எங்கே போடப் போறீங்க? மிஷனரி ஸ்கூல்ல கிடைச்சா விட்டுடாதீங்க." கேட்டவர்களில் ஒருத்தர்கூட கிறிஸ்தவர் இல்லை. காளிகாட்டுக்குச் செருப்பில்லாமல் நடந்து போகிறவர்கள். மிஷனரி ஸ்கூல் என்று சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு பக்தி வந்துவிடும்.

எனக்கு அது புரிய கொஞ்ச நாள் ஆச்சு. ஏனென்றால் நான் வந்த திருநெல்வேலிப் பக்கத்தில் கத்தோலிக்கப் பள்ளி என்றால் வேறு அர்த்தம். எங்க ஊர்களில் இரண்டு வகைதான் உண்டு. ஒன்று டி.டி.டி.ஏ. பள்ளிக்கூடம், அது சி.எஸ்.ஐ. காரர்களுடையது. இன்னொன்று ஆர்.சி. பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டிடம், வேப்பமரம், மத்தியானம் சத்துணவு, தமிழ் மீடியம். வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், நிர்வாகம் சாமியாருடையது. பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை, பனையேறுகிறவர் பிள்ளை, எல்லாம் அங்கேதான். வசதி வந்தவர்கள் அங்கிருந்து பிள்ளையை எடுத்து டவுனில் மெட்ரிகுலேஷனில் போடுவார்கள். ஆர்.சி. பள்ளியில் இடம் வாங்க யாரும் சிபாரிசு பிடித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதே ரோமாபுரிச் சபை, அதே சிஸ்டர்கள், அதே மாதா படம். நெல்லையில் இல்லாதவன் பள்ளிக்கூடம், கொல்கத்தாவில் இருக்கிறவன் பள்ளிக்கூடம். இது எப்படி ஆச்சு?

கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் நமக்குப் பழக்கம். கொல்கத்தாவில் பெண்களுக்கான கத்தோலிக்கப் பள்ளி என்றால் முதலில் சொல்ல வேண்டியது லொரெட்டோ. 1841 ஆகஸ்டில் டப்ளின் பக்கத்து ராத்ஃபார்னம் மடத்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் கன்னியாஸ்திரிகள் கப்பல் ஏறினார்கள். தலைவி டெல்ஃபின் ஹார்ட். டிசம்பர் கடைசியில் கல்கத்தா வந்து இறங்கி, 1842 ஜனவரியில் மிடில்டன் ரோவில் பள்ளி ஆரம்பித்தார்கள். நந்தகுமாரைத் தூக்கில் போடச் சொன்ன தலைமை நீதிபதி இம்பே குடியிருந்த இடம் என்று அந்த வீட்டைச் சொல்வார்கள். அவருடைய மான் பூங்காவால்தான் பார்க் ஸ்ட்ரீட்டுக்கே அந்தப் பேர்.

அவர்கள் வந்தது வங்காளத்து பாபுக்களின் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க இல்லை. அன்றைக்கு இங்கே கத்தோலிக்கர்கள் என்றால் கம்பெனி பட்டாளத்தில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள், போர்ச்சுக்கீசிய வம்சாவளியினர், கலப்பினத்தார். நிறைய பேர் ஏழைகள். காலராவில் அப்பன் போனால் பிள்ளை அநாதை. அதனால் மடம் போகிற இடமெல்லாம் இரண்டு பேரேடு திறந்தது. ஒரு பக்கம் கட்டணம் கட்டிப் படிக்கிற பெண்கள், இன்னொரு பக்கம் கட்ட முடியாதவர்கள், அநாதைகள். முதல் பேரேட்டின் வரவு இரண்டாவதன் செலவுக்கு உதவும். எண்டாலியில் இன்றைக்கும் அந்த அமைப்பின் தடம் தெரியும். ஒரே வளாகத்துக்குள் ஆங்கில மீடியம் லொரெட்டோவும் வங்காள மீடியம் செயின்ட் மேரீஸும். அந்த செயின்ட் மேரீஸில்தான் அன்னை தெரசா 1931-லிருந்து டீச்சராக இருந்தார், 1944-ல் தலைமை ஆசிரியை ஆனார். மதிலுக்கு அந்தப் பக்கம் மோத்திஜீல் சேரி. 1948-ல் மடத்தை விட்டு வெளியே வந்து அவர் முதலில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்ததும் அந்தச் சேரியில்தான். ஒரு மதில் சுவர் தூரம். அதைத் தாண்ட பதினேழு வருஷம்.

ஆண்களுக்கு செயின்ட் சேவியர்ஸ். 1860-ல் பெல்ஜிய யேசு சபைக்காரர்கள் ஆரம்பித்தது. சான் சூசி என்ற நாடகக் கொட்டகை இருந்த இடம். அங்கே இயற்பியல் நடத்திய லாஃபோன் பாதிரியாரிடம்தான் ஜகதீஷ் சந்திர போஸ் படித்தார். அதே லாஃபோன் 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை ஆரம்பித்தபோது கூட நின்றவர். முப்பது வருஷம் கழித்து, 1907-ல், அந்தக் கழகத்தின் வாசலுக்கு ஒரு தமிழர் வந்தார். நிதித்துறையில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்குப் போஸ்டிங் ஆனவர், சி.வி. ராமன். பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. அவர் சின்ன வயதில் படித்தது விசாகப்பட்டினத்தில் செயின்ட் அலோஷியஸ் என்ற கத்தோலிக்கப் பள்ளி. மாற்றலாகி வந்த கணக்குப் பிள்ளைகள் எல்லாருக்கும் நோபல் பரிசு கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம் :-)

சரி, இரண்டாவது பேரேடு எப்போது கண்ணுக்குத் தெரியாமல் போனது? ஒரே நாளில் நடந்ததில்லை. 1947-க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் போனார்கள், ஆங்கிலோ இந்தியர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். காலியான பெஞ்சில் வங்காளிகளும் மார்வாரிகளும் நம்மைப் போல மாற்றலாகி வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அப்புறம் 1980-களின் தொடக்கத்தில் இடதுசாரி அரசு அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்தது. தாய்மொழியில் முதல் படிப்பு என்கிற யோசனையில் எனக்குச் சண்டை இல்லை. நானும் அப்படிப் படித்தவன்தான். ஆனால் பெற்றோர் என்ன செய்தார்கள்? முடிந்தவர்கள் எல்லாரும் மிஷன் பள்ளி வாசலில் க்யூவில் நின்றார்கள். முடியாதவர்கள் ஏமாந்து நின்றார்கள். ஆங்கிலம் மறுபடி முதல் வகுப்புக்கு வர 2004 ஆனது. ஆங்கிலத்தை எடுத்தபோது முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு சின்ன வயதில் படித்தது தர்மதல்லா லொரெட்டோவிலும் செயின்ட் சேவியர்ஸிலும் என்பதை எங்க ஆபீஸ் பழைய யூனியன்காரர்கூட ஒத்துக்கொள்வார், சிரிக்காமல்.

க்யூ நீண்டால் கள்ளச் சரக்கு வரும். பெஹாலா சந்துகளில் நடந்தால் 'செயின்ட்' போட்ட போர்டுகள் பார்க்கலாம். மாடிவீடு, கீழே எல்.கே.ஜி., மேலே ஓனர் குடும்பம். சபைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இந்த மாதிரி ஒரு பள்ளிக்கான கடன் மனு ஒருமுறை என் மேஜைக்கு வந்தது. பேர் சொல்ல மாட்டேன். அந்தப் புனிதர் யார் என்று கேட்டேன். ஓனர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேர் நல்லா இருந்தது சார்" என்றார். ஆவணங்கள் சரியாக இருந்தன. கடன் கொடுத்தோம். ஒழுங்காகக் கட்டிக்கொண்டும் வருகிறார்.

இந்த ஊரில் ஒரே ஒரு பள்ளியின் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மாஜேர்ஹாட்டில் பட்ஜ் பட்ஜ் லோக்கல் ஏறினால் பாலிகஞ்ச், பார்க் சர்க்கஸ் வழியாக சியால்தா. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் லொரெட்டோ டே ஸ்கூல். 1979-ல் அங்கே சிஸ்டர் சிரில் மூனி தலைமை ஆசிரியையாக வந்தார். அயர்லாந்தில் பிறந்து 1956-ல் இந்தியா வந்தவர், விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்போது பள்ளியில் சுமார் 790 பெண்கள், அவர்களில் ஏழைப் பிள்ளைகள் 90 பேர்தான். அந்தம்மா செய்தது என்னவென்றால் பள்ளியையும் பெரிதாக்கி அந்த விகிதத்தையும் தூக்கினார். 1990-களின் கடைசியில் 1400 பெண்கள், அதில் பாதி கட்டணம் இல்லாமல். ஒரே யூனிஃபார்ம், ஒரே பெஞ்ச். யார் கட்டுகிறவள், யார் கட்டாதவள் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

வங்கிக்காரனுக்கு இந்த எண்ணின் கனம் புரியும். நமக்கு முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. மார்ச் மாதம் வந்தால் அந்த இலக்குக்காக நாங்கள் படுகிற பாடு! எட்டாத வங்கி, எட்டிய வங்கியிடம் சர்டிபிகேட் விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம் என்று 2016-ல் வழியும் வந்துவிட்டது. விதி இருந்தே 40-க்கு மூச்சு வாங்குகிறது. யாரும் கேட்காமல், விதியே இல்லாமல், ஐம்பது. (வருஷத்துக்கு ஒருமுறை பழைய துணி மூட்டையை ஆசிரமத்தில் கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் நாம் வாங்குகிற சர்டிபிகேட் என்று தங்கமணி சொல்வாள். எங்கள் வீட்டில் தணிக்கைத் துறை அவள்.)

1985-ல் அடுத்தது. சியால்தா பிளாட்பாரத்திலும் நடைபாதையிலும் வாழ்கிற பிள்ளைகள் நேரம் காலம் இல்லாமல் வந்து போகட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். 'ரெயின்போ' என்று பேர். அவர்களுக்குத் தனி டீச்சர் வைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்து வரை படிக்கிற பெண்கள், கைத்தொழில் பாடத்துக்கான பீரியடில், முறை வைத்து மாடியில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் கொடுத்தார்கள். தயாரானதும் அந்தப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் ஏதாவது பள்ளியில் சேர்ப்பார்கள். வியாழக்கிழமைகளில் பெரிய பெண்கள் கிராமப் பள்ளிகளுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2007-ல் சிஸ்டருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2011 வரை பொறுப்பில் இருந்தார். 2023-ல் காலமானார்.

எங்கள் மாடிக்கு மேல் மாடியில் இருக்கிற தீதி அங்கே படித்தவர். என் வயதுதான். 90-களில் ஏழாவது படிக்கும்போது அவருக்குக் கிடைத்த மாணவிக்கு வயது ஒன்பதோ பத்தோ, அவளுக்கே தெரியாது. அம்மா ஸ்டேஷன் வாசலில் கீரை விற்கிறவள். எழுத உட்கார்ந்தால் பதினேழை எழுபத்தொன்றாக எழுதுவாளாம். ஆனால் நூறு ரூபாய் நோட்டுக்கு அறுபத்திமூன்றே காலுக்குச் சில்லறை கேட்டால் வாயைத் திறப்பதற்குள் சொல்வாளாம். "எனக்குத்தான் கணக்கு வரல தாதா. நான் அவகிட்ட வாய்க்கணக்கு கத்துக்கிட்டேன், அவ என்கிட்ட எழுத்துக்கணக்கு கத்துக்கிட்டா" என்றார் தீதி. அவருடைய அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லையாம். தினமும் சாயங்காலம் பேன் சீப்போடு காத்திருப்பாராம். ஒருநாள் நிஜமாகவே பேன் கிடைத்தது. அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. மறுநாள் தலையை இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பிவைத்தார், அவ்வளவுதான். அந்தப் பெண் நாலு மாதம் வந்தாள். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வரவில்லை. தேடிப் போனபோது கீரைக்காரியும் அந்த இடத்தில் இல்லை.

இதைக் கேட்டுவிட்டுக் கீழே வந்ததும் தங்கமணி கேட்டாள்: "ஏங்க, நாம அந்த வருஷத்துல இங்க இருந்திருந்தா நம்ம பிள்ளைய அங்க சேர்த்திருப்பீங்களா?"

சேர்த்திருப்பேன் என்று உடனே சொன்னேன். "பேன் வந்தாலும்?" என்றாள். "நான் படிச்ச பள்ளிக்கூடத்துல நான்தான் மத்தவனுக்குப் பேன் கொடுத்தவன்" என்றேன். ஆனால் அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆர்.சி. பள்ளியில் எல்லாரும் இல்லாதவர்கள், அங்கே கலந்து உட்காருவதில் பெரிய சிரமம் எதுவும் கிடையாது. அதிலும்கூட எங்க பக்கத்துச் சரித்திரம் ரொம்ப சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார நடுவில் சுவரே இருந்தது. 'கால்சட்டைக் கோயில்' என்பார்கள், அமைப்பு அப்படி. 1910-ல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள், அதற்கும் கோர்ட்டு வரை போனார்கள். நெல்லையில் சுவர் செங்கல்லில் இருந்தது. இங்கே ஃபீஸ் ரசீதில் இருக்கிறது. ரசீதுச் சுவரை இடிப்பதற்குக் கடப்பாரை போதாது. கட்டுகிறவன் சம்மதிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருஷமும். சியால்தாவில் எழுநூறு குடும்பங்கள் முணுமுணுத்துக்கொண்டாவது சம்மதித்தார்கள் என்பதுதான் எனக்குப் பத்மஸ்ரீயை விடப் பெரிதாகத் தெரிகிறது.

என் பெண் இப்போது ஆறாவது. அவள் படிக்கிற பள்ளி வேறு, அதுவும் சிஸ்டர்கள் நடத்துவதுதான், நல்ல பள்ளி. அவள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அதில் அப்பாவிடம் கார் இல்லாதவர்கள் யார் என்று ஒருநாள் கேட்டேன். "நம்ம வீடு மட்டும்தான்ப்பா" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரை மாசி என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் அம்மாவின் சகோதரி, வேலைக்கு வருகிறவரையும் அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். பட்ஜ் பட்ஜ் பக்கத்திலிருந்து அதே லோக்கலில் வருகிறார். அவருக்கு ஒரு பேத்தி, ஐந்து வயது. மகள் குடும்பம் இங்கே பெஹாலாவிலேயே ஒரு பஸ்தியில் குடியிருக்கிறது. போன மாதம் மாசி ஒரு கவரோடு வந்தார். என் பெண் படிக்கிற அதே பள்ளியின் அட்மிஷன் ஃபாரம். எங்கேயோ கேட்டு, யாரையோ பிடித்து வாங்கி வந்திருக்கிறார். "தாதா, இருபத்தஞ்சு பேர் நூத்துக்கு எடுக்கணும்னு சட்டம் இருக்காமே? டி.வி.ல சொன்னாங்க."

இருக்கிறது, 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் 25 சதவீதம் எடுக்க வேண்டும். ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு பிரமதி வழக்கில் சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு சரிதானா என்று கேள்வி எழுப்பி, தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த பெங்காலியில் மாசிக்குச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப சட்டம் இல்லாம அவங்களா எடுத்தா எடுக்கலாம், இல்லையா?" என்றார்.

எடுக்கலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினோம். நான் எழுத, மாசி சொல்ல. குழந்தை பேர், பிறந்த தேதி, தாய்மொழி எல்லாம் சுலபமாக முடிந்தது. அப்பாவின் வேலை: தாராதலாவில் லோடு ஏற்றுவது. அம்மாவின் படிப்பு: நாலாவது. ஆண்டு வருமானம் என்ற இடத்தில் மாசி ஒரு நிமிஷம் நின்றார். உள்ளதைச் சொன்னால் எடுப்பார்களா, கூட்டிச் சொன்னால் எடுப்பார்களா என்று கேட்டார். கடன் மனுவில் ஆயிரம் பேர் என்னிடம் கேட்ட கேள்வி. அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு, உள்ளதைப் போடச் சொன்னேன். கடைசியில் ஒரு காலம், 'இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று. மாசி யோசிக்கவே இல்லை.

"பாப்பா படிக்கிற பள்ளிக்கூடம், அதனால"ன்னு எழுதுங்க என்றார். பாப்பா என்பது என் பெண். எழுதினேன். திங்கட்கிழமை ஆபீஸ் போகிற வழியில் நானே கவுன்டரில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தேன். பட்டியல் அடுத்த மாதம் ஒட்டுவார்களாம்.